படுகளத்து மண்ணும் போர்ப் படங்களும்

(மாகறலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிடித்த போர்ப் படங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். சென்னையில் பேசுவதென்றால் ஹாலிவுட்டிலிருந்து தொடங்கியிருப்பேன். மாகறலில் அப்படித் தொடங்குவது அதிகப்பிரசங்கித்தனம். காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசி என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவர்களுக்குப் போரைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்துவிடுகிறார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. புரிசை ஜமாவோ பக்கத்தூர் ஜமாவோ வந்து இறங்கி, மத்தளமும் முகவீணையும் சேர்ந்து எழும்பினால், கட்டை வேஷம் விடியும்வரை தரையை அதிரவைக்கும். வில் வளைப்பில் ஆரம்பித்து, துகில், தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று நகர்ந்து, பதினெட்டாம் போர் முடிந்து விடிந்தால் படுகளம்.

அந்தப் படுகளத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மைதானத்தில் துரியோதனன் மண்ணால் மல்லாந்து படுத்திருக்கிறான். ஒரு வீட்டு நீளம் இருப்பான். முறுக்கு மீசை, விழித்த கண், கிரீடம், எல்லாவற்றுக்கும் வர்ணம் தீட்டியிருப்பார்கள். அவனைச் சுற்றிச்சுற்றி, வேஷம் கட்டிய பீமனும் வேஷம் கட்டிய துரியோதனனும் ராத்திரி முழுக்க ஆடிய களைப்போடு வெயிலில் ஓடிக்கொண்டிருப்பார்கள். பீமன் மண் தொடையில் ஓங்கி அடிக்கிறான். உள்ளே புதைத்து வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடுகிறது. திரௌபதி கூந்தல் முடிகிறாள். சபதம் நிறைவேறிவிட்டது, நம்ம பக்கம் ஜெயித்துவிட்டது. ஆனால் கூட்டம் கலைவதில்லை. சில ஊர்களில் காந்தாரி வேஷக்காரர் முறமும் துடைப்பமுமாக வந்து மண் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார். கெட்டவன் செத்தான் என்று அதுவரை குலவையிட்ட பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஜனம் அந்த மண்ணைப் பிடிபிடியாக அள்ளிக்கொண்டு போகிறது. நெற்குதிரில் போட்டால் குறையாது, நிலத்தில் தூவினால் விளையும் என்று நம்பிக்கை. செத்த எதிரியின் உடம்பு மண் அது.

கர்ண மோட்சத்தையும் யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்தில் அது கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஆடுகிற கூத்தல்ல. சாவு விழுந்த வீட்டில் கருமாதி ராத்திரியில் ஆடச்சொல்லி ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைக்கிறோம். கர்ணன் யார்? நாம் தெய்வமாகக் கும்பிடுகிற திரௌபதியின் புருஷன்மாரை எதிர்த்து நின்ற சேனாதிபதி. பெற்ற தகப்பனைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வந்து, எதிர்ப்படைச் சேனாதிபதியின் சாவைப் பார்த்து அழுது மனசை ஆற்றிக்கொள்கிறவர்கள் நாம்.

அதனால் ஒரு போர்ப் படம் பார்க்கத் தகுந்ததா இல்லையா என்று தீர்மானிக்க நான் வைத்திருக்கிற கேள்வி இந்த மண்ணிலிருந்து எடுத்ததுதான். சுடப்படுகிறவனுக்கு முகம் இருக்கிறதா? எத்தனை டாங்கி வந்தது, எத்தனை ஹெலிகாப்டர் பறந்தது என்பதெல்லாம் தயாரிப்பாளரின் கணக்குப் பிள்ளை பார்க்கவேண்டிய சமாசாரம். உங்கள் ஊர்த் தலபுராணமே எனக்குச் சாட்சி சொல்கிறது. பொன் உடும்பைத் துரத்திக்கொண்டு வந்த ராஜா, அது புகுந்த புற்றை வெட்டச் சொன்னான். ரத்தம் வந்த இடத்தில் சாமி இருந்தது. துரத்தியதற்குள்ளேயே சாமியைப் பார்த்த ஊரில் நின்று இதைப் பேசுவதில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது.

நம் சினிமாவில் இந்தக் கேள்விக்கு முதலில் தேறுவது 1964இல் பி.ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்'. சிவாஜி கர்ணன், என்.டி. ராமராவ் கிருஷ்ணன், அசோகன் துரியோதனன். டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். 2012இல் டிஜிட்டலாகப் புதுப்பித்து வெளியிட்டபோது மறுபடியும் கூட்டம் வந்தது. போர்க் காட்சிகளுக்காகக் குருக்ஷேத்திரம் வரைக்கும் போய்க் குதிரையும் தேருமாக எடுத்தார்கள். அந்தப் புழுதி அழகான புழுதிதான். ஆனாலும் யாரும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை. தேர்ச் சக்கரம் மண்ணில் புதைந்து, உடம்பெல்லாம் அம்பு தைத்துக் கிடக்கிறவனிடம் கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கிறானே, அதை வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவன் பக்கத்துக் கடவுள் தோற்றவனிடம் கையேந்தி நிற்கிறார். இதைப் பந்துலு கண்டுபிடிக்கவில்லை, கூத்துக்காரர்கள் காலங்காலமாக ஆடி வருவதுதான். அசோகன் துரியோதனனும் சாதாரணமில்லை. மனைவியும் நண்பனும் தாயம் ஆடுகிற இடத்தில் சந்தேகம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு முகத்தை அவர் காட்டுவார். வில்லனுக்கு அப்படி ஒரு பெருந்தன்மையைக் கொடுக்க நம் சினிமாவுக்கு அப்புறம் ஏனோ மனசு வரவில்லை.

வெளிநாட்டுக்குப் போகலாம். 1930இல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்'. ரெமார்க் என்ற ஜெர்மன்காரர் முதல் உலகப் போரில் தாமே பட்டதை வைத்து எழுதிய நாவல், அமெரிக்கர்கள் எடுத்த படம். கதாநாயகன் பால் ஒரு ஜெர்மன் பையன்; வாத்தியார் வகுப்பில் முழங்கியதைக் கேட்டுப் பெஞ்சை விட்டெழுந்து பட்டாளத்தில் சேர்ந்தவன். ஒருநாள் குண்டு விழுந்த பள்ளத்தில் பதுங்கியிருக்கிறான். மேலே எதிரிகள் ஓடுகிறார்கள். ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் அதே பள்ளத்தில் வந்து விழுகிறான். பயத்தில் பால் குத்திவிடுகிறான். அவன் உடனே செத்துத் தொலைந்திருந்தால் அது எல்லாப் படத்திலும் வருகிற ஒரு சாவு. அவன் சாகவில்லை. ராத்திரி முழுக்க மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறான். வெளியே குண்டு மழை, பாலால் ஏறிப் போகவும் முடியாது. தண்ணீர் எடுத்து அவன் உதட்டை நனைக்கிறான். பிழைத்துக்கொள் என்று கெஞ்சுகிறான். விடியும்போது அவன் கண் திறந்தபடி போய்விடுகிறான். பால் பிணத்தோடு பேசுகிறான், மன்னிப்புக் கேட்கிறான், சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுக்கிறான். பெண்டாட்டியும் பெண் குழந்தையும்.

அந்தப் பிரெஞ்சுக்காரனாக நடித்தவர் ரேமண்ட் கிரிஃபித், மௌனப் பட காலத்துச் சிரிப்பு நடிகர். தொண்டை கெட்டுப்போய் உரக்கப் பேச முடியாதவர். பேசும் படம் வந்ததும் அவர் நடிப்புப் பிழைப்பு போனது. பேச்சே இல்லாத இந்தச் சில நிமிஷங்கள்தான் அவர் நடிப்பில் இன்றைக்கும் உலகம் ஞாபகம் வைத்திருப்பது.

இந்தப் படம் 1930 டிசம்பரில் பெர்லினுக்கு வந்தபோது நாஜிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோயபல்ஸின் ஆட்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், இருட்டில் வெள்ளை எலிகளை அவிழ்த்துவிட்டார்கள், நாற்றக் குண்டு வீசினார்கள். சில நாளில் அரசாங்கமே படத்தைத் தடை செய்தது. அவர்களுக்கு எரிச்சல் மூட்டியது எது என்று நினைக்கிறீர்கள்? ஜெர்மன் சிப்பாய் கோழையாக வருகிறான் என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் போட்டோவின் மேல்தான் சந்தேகம். இன்னொரு போருக்கு ஆள் சேர்க்கப் போகிறவனுக்கு எதிரியின் சட்டைப் பையில் குடும்பப் படம் இருப்பது கட்டுப்படியாகாது. பாலாக நடித்த லூ ஏர்ஸ் இரண்டாம் உலகப் போர் வந்தபோது துப்பாக்கி தூக்கமாட்டேன் என்று சொல்லி ஊராரிடம் ஏச்சு வாங்கினார். பிறகு மருத்துவ உதவியாளராகப் போர்க்களத்துக்கே போனார். 2022இல் ஜெர்மன்காரர்களே இதே கதையை எடுத்து நாலு ஆஸ்கர் வாங்கினார்கள். சேறு பிரமாதம். எனக்கு என்னவோ பழைய கறுப்பு வெள்ளைதான்.

இன்னொன்று கிளின்ட் ஈஸ்ட்வுட். 1945இல் ஐவோ ஜீமா என்ற எரிமலைத் தீவுக்காக அமெரிக்காவும் ஜப்பானும் மோதின. தீவில் இருந்த ஜப்பானியர் சுமார் 21,000 பேர். உயிரோடு பிடிபட்டவர்கள் ஆயிரம் சொச்சம். ஈஸ்ட்வுட் 2006இல் இந்த ஒரே சண்டையை இரண்டு படமாக எடுத்தார், ஒன்று அமெரிக்கன் கண்ணால், இன்னொன்று ஜப்பான்காரன் கண்ணால். பாண்டவர் பக்கத்துக் கூத்தையும் கௌரவர் பக்கத்துக் கூத்தையும் ஒரே ஜமா அடுத்தடுத்து ஆடுவது மாதிரி. இரண்டாவது படமான 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜீமா'தான் உசத்தி. அதன் நாயகன் சைகோ ஒரு ரொட்டிக் கடைக்காரன். கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு வந்திருக்கிறான், வீரமும் கிடையாது, எப்படியாவது வீடு போய்ச் சேரவேண்டும் அவனுக்கு. குகைக்குள் காயம்பட்ட ஒரு அமெரிக்கப் பையனைத் தூக்கி வருகிறார்கள். அவன் இறந்ததும், ஆங்கிலம் தெரிந்த ஜப்பானிய அதிகாரி அவன் கையிலிருந்த கடிதத்தை வாங்கி எல்லாருக்கும் படித்துச் சொல்கிறார். அவன் அம்மா எழுதியது. வீட்டு நாய் வேலியைத் தோண்டி வெளியே போன கதை, இப்படிச் சின்னச்சின்ன ஊர்ச் செய்திகள். கடைசியில் சரியென்று படுவதைச் செய் என்று ஒரு புத்திமதி. குகையில் இருக்கிற ஜப்பானியப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் அம்மாவும் அதையேதான் எழுதியிருக்கிறாள். தன் நாட்டு ஆட்களைக் கொன்றவர்களை வைத்து இப்படி எடுக்க ஒரு அமெரிக்கக் கிழவருக்குத் துணிச்சல் இருந்தது.

நம் ஆட்கள் எப்படி? இரண்டாம் உலகப் போர் நடக்கும்போதே தமிழில் போர்ப் படம் வந்தது. போருக்கு ஆதரவாகப் படம் எடுத்தாகவேண்டும் என்று வெள்ளைக்கார சர்க்கார் கொடுத்த நெருக்கடியில், 1945இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 'பர்மா ராணி' எடுத்தார். கே. சுப்ரமணியம் 'மானசம்ரட்சணம்' எடுத்தார். சர்க்கார் உத்தரவுக்கு எடுத்த படத்தில் எதிரிக்கு முகம் தேடுவது நியாயமில்லை, விட்டுவிடுவோம். சீனப் போர் முடிந்த மறு வருஷமே, 1963இல், சிவாஜியும் சாவித்திரியும் நடித்து 'இரத்தத் திலகம்' வந்தது. கண்ணதாசன் திரையில் தோன்றும் பாட்டால் அது இன்றைக்கும் நிற்கிறது. அதில் வருகிற சீனர்களைப் பார்த்தால் பயமும் வராது, பரிதாபமும் வராது. 'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் ஜாக்சன் துரை இருக்கிறார். சி.ஆர். பார்த்திபன் அந்தத் துரைத் தமிழைப் பேசிப் பேசியே அழியாப் பெயர் வாங்கினார். ஆனால் சிவாஜியின் வசனம் வந்து மோதித் திரும்ப ஒரு சுவர் வேண்டியிருந்தது, அதுதான் துரை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் துரை வேஷத்துக்கு எந்தப் பையனும் போட்டி போட்டதில்லை.

ஆனால் 1954இல் ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' இருக்கிறதே, அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். போர்க்களமே வராத போர்ப் படம். ஒரு பாட்டுக் கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் ஒரு படத்தில் முப்பது பாட்டு வரை கேட்டு வளர்ந்த ஜனத்துக்கு முன்னால் அப்படி ஒரு படத்தை வைத்தார்கள். கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில். அதற்கு முந்தைய வருஷம், 1942 ஏப்ரலிலேயே, ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று பட்டணம் பாதி காலியாகி, சொந்தபந்தம் இருந்த கிராமங்களுக்கெல்லாம் மூட்டை முடிச்சோடு ஜனம் வந்து இறங்கியது. உங்கள் வீட்டுப் பாட்டிமார் 'எவாக்குவேஷன்' என்று சொல்லியிருப்பார்களே, அது. படம் ஆரம்பித்த உடனே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். ரேடியோ என்ஜினீயர் ராஜன். ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாக வந்து சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரையும் விசாரிக்க, ஒவ்வொருவர் வாயிலும் ஒரு ராஜன் வருகிறான். கொன்றது யார் என்று சொல்லமாட்டேன், போய்ப் பாருங்கள். செத்தவன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன் என்பதை மட்டும் சொல்லலாம். தேசத்துரோகி. ஆனால் பாலசந்தர் அவனையும் பேசவிடுகிறார். ஏழைக்கும் எட்டுகிற விலையில் ரேடியோ செய்யும் வழியைக் கண்டுபிடித்தவன், வாசல் வாசலாக ஏறி இறங்கியும் ஒருவரும் மதிக்காததில் உள்ளுக்குள் கசந்து போனவன். அவன் செய்தது தப்பு என்பதில் படத்துக்குச் சந்தேகமே இல்லை. அப்படியிருந்தும் மனைவி உஷாவாக வரும் பண்டரிபாயின் முகத்தைப் பார்க்கும்போது, எதிரி என்பவன் ஒரே தலையணையில் படுத்திருக்கலாம் என்று உறைக்கிறது. வெளிவந்தபோது ஓடவில்லை. எழுபது வருஷம் கழித்தும் அதைவிடக் கச்சிதமான போர்க்காலப் படம் தமிழில் இல்லை.

முகத்தைப் பற்றிப் பேசும்போது, எதிரியாகக்கூட இல்லாமல் கண்ணிலேயே படாமல் போனவர்களைச் சொல்லவேண்டும். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற டேவிட் லீனின் படம் 1957இல் வந்து ஏழு ஆஸ்கர் வாங்கியது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் ஒரு பாலம். அதைக் கட்டும் பிரிட்டிஷ் போர்க் கைதிகளின் கதை. நம் பக்கத்து இலங்கையில், கிதுல்கலவில், களனி ஆற்றின்மேல் நிஜப் பாலமே கட்டி வெடி வைத்தார்கள். அலெக் கின்னஸ் நடிப்பில் குறையே சொல்ல முடியாது. ஜப்பானிய அதிகாரிக்கும் நல்ல முகம் இருக்கிறது, ராத்திரியில் தனியாக அழுகிறான். என் அளவுகோலில் தேறவேண்டிய படம்தான்.

ஆனால் அந்த ரயில் பாதையில் யார் செத்தார்கள்? நேச நாட்டுக் கைதிகள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு. 90,000 வரை மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெருந்தொகையினர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல கூலி என்று ஆசை காட்டியும், சந்தையிலும் சினிமாக் கொட்டகை வாசலிலும் வளைத்துப் பிடித்தும் கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் காட்டுக்குள் செத்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் திருச்சி, தஞ்சாவூர், சேலத்திலிருந்தும் கங்காணி பேச்சைக் கேட்டுக் கப்பல் ஏறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். இந்தச் செய்யாற்றுத் தண்ணீர் குடித்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அந்த மகத்தான படத்தில் அவர்களுக்கு ஒரு முகம் கிடையாது. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதினார், பிறகு ஆவணப்படமும் வந்தது. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று இன்னும் வரவில்லை. கோடிகளில் செட் போட்டு ராஜா காலத்துச் சண்டை எடுக்கிற நம் தயாரிப்பாளர்களுக்கு இந்த ரயில் பாதை தெரியாமலா இருக்கும்?

ஈழத்துக்கு வருகிறேன். இங்கே எச்சரிக்கையாகப் பேசவேண்டும், பலருக்கு ஆறாத காயம் அது. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002இல் வந்தது. சென்னையில் வளரும் அமுதா என்ற சிறுமி, தன்னைப் பெற்றவள் ஈழத்தில் இருக்கிறாள் என்று தெரிந்து தேடிப் போகிறாள். போன இடத்தில் அவர்களுக்குத் துணை நிற்கிறவர் ஒரு சிங்கள டாக்டர், பிரகாஷ்ராஜ் நடித்தார். அந்த ஒரு பாத்திரத்துக்காகவே மணிரத்னத்தை மெச்சுவேன். இன்னொரு காட்சியில், பூங்காவில் சக்கர நாற்காலியில் இருக்கிறவரிடம் குழந்தை சகஜமாகப் பேசிக்கொண்டிருக்கும். அடுத்த கொஞ்ச நேரத்தில் அவரே வெடித்துச் சிதறுவார். நல்லவர் கெட்டவர் என்று பிரிக்க அவகாசமே தராத இடம் அது. போரின் அரசியலைத் தொடாமல் அழகாக நழுவிவிட்டார் என்று படத்தின்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. பெற்றவளாக வரும் நந்திதா தாஸுக்கு இன்னும் நாலு வார்த்தை கொடுத்திருக்கலாம்.

அந்தக் குறை 'தீபன்' படத்தில் இல்லை. 2015இல் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியார் எடுத்து, கான் விழாவின் தங்கப் பனை விருது வாங்கியது. தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. சிறு வயதில் தாமே இயக்கத்தில் இருந்தவர். தோற்ற படையின் போராளி ஒருவன் சீருடையைச் சிதை நெருப்பில் போட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணையும் தாயில்லாத ஒரு சிறுமியையும் குடும்பமென்று காட்டி, செத்துப்போன ஒருவனின் பாஸ்போர்ட்டில் பிரான்சுக்குப் போகிறான். போர் முடிந்த பிறகுதான் படமே தொடங்குகிறது. பாரிஸ் தெருவில் மினுக்கு விளக்கு பொம்மை விற்கிறவன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதை ஷோபாசக்தி பேசாமலே காட்டிவிடுகிறார். கடைசி அரை மணி நேரம் துப்பாக்கிச் சண்டையாகப் போனது எனக்கு உடன்பாடில்லை. அதுவரைக்கும் இருந்த படமே போதும்.

'அமரன்' பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும், தம்பிகள் வந்ததே அதற்காகத்தான். தாம்பரத்துப் பிள்ளை மேஜர் முகுந்த் வரதராஜன், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரில் சோபியான் பகுதியில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் வீரமரணம் அடைந்தார். மறு வருஷக் குடியரசு தினத்தில் அசோகச் சக்கரம் வழங்கினார்கள். ராஜ்குமார் பெரியசாமி 2024 தீபாவளிக்குப் படமாகக் கொண்டுவந்தார். சிவகார்த்திகேயன் உடம்பை முறுக்கி உழைத்திருக்கிறார். ஆனால் படத்தைத் தாங்குவது சாய் பல்லவி. கதை மனைவி இந்துவின் நினைவாகவே விரிவதால், ஒவ்வொரு சண்டையையும் போன் மணிக்குக் காத்திருக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறோம். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் இந்தப் படம் வேறு மாதிரி இறங்கியது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. எதிர்ப்பக்கம்? சில முகங்கள் வந்து போகின்றன, மனசில் எதுவும் தங்கவில்லை. காஷ்மீர்க் கிராமத்து ஜனம் ஏன் கல்லெடுத்தது என்பதைப் படம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

"நம் வீரனைக் கொன்றவனுக்கு எதற்கய்யா முகம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கோபம். நான் சொல்வது அவனை நல்லவனாக்குங்கள் என்பதல்ல. துரியோதனனை எந்தக் கூத்திலும் நல்லவனாக்கவில்லை, தொடையைப் பிளந்துதான் காட்டுகிறார்கள். பொம்மையைச் சுட்டு ஜெயித்தவனுக்கு வீரன் என்று எப்படிப் பெயர் வரும்? எதிரில் நிற்பவன் ஆளாக இருந்தால்தானே நம்மவன் செய்த காரியத்தின் கனம் தெரியும்? அபிமன்யுவைச் சுற்றி வளைத்தவர்கள் பெயரில்லாத ஆட்களாக இருந்திருந்தால் நாம் விடியும்வரை முழித்திருப்போமா?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எவ்வளவு உருக்கமாக எடுத்தாலும் திரையில் குண்டு வெடித்தால் கொட்டகையில் விசில் பறக்கும். விசிலடிக்கவே முடியாத ஒரு படம் எனக்குத் தெரியும். 1985இல் சோவியத் இயக்குநர் எலெம் கிளிமோவ் எடுத்த 'கம் அண்ட் சீ'. பெலாரூசில் ஜெர்மன் படை 628 கிராமங்களை ஜனத்தோடு கொளுத்தியது. அதில் ஒரு கிராமத்தை, மாதா கோயில் மாதிரியான மரக் கட்டடத்துக்குள் அடைத்துத் தீ வைப்பதை, ஃபிளோரியா என்ற பையன் பார்க்கிறான். சில நாளுக்குள் அந்தப் பிள்ளை முகம் கிழவன் முகமாகச் சுருங்கிவிடுகிறது. கடைசியில் சேற்றில் கிடக்கிற ஹிட்லர் படத்தைச் சுடுகிறான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் சரித்திரம் பின்னோக்கி ஓடுகிறது. ஹிட்லர் இளைஞனாகி, பையனாகி, கடைசியில் தாய் மடியில் கைக்குழந்தையாக இருக்கும் போட்டோ. ஃபிளோரியாவால் அதைச் சுட முடியவில்லை. ஹிட்லருக்கே குழந்தை முகம் ஒன்றைக் கொடுத்து, சுடுவாயா என்று கேட்கிற படத்துக்கு அப்புறம் நான் ரொம்ப நாள் வேறு போர்ப் படம் பார்க்கவில்லை.

இனி எடுக்கவேண்டிய படம் ஒன்று. அது உங்கள் மாவட்டத்திலேயே கிடக்கிறது. காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர். மகேந்திரவர்ம பல்லவன் எதிரிகளை ஜெயித்த இடம் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்லும் ஊர் அது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி அங்கே கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஐதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செத்தார். அவருக்கு உதவ வேண்டிய ஜெனரல் மன்றோ காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். சேதி தெரிந்ததும் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கினார். குளத்துக்குள் பீரங்கி விழுவதைக் கரையில் நின்று பார்த்த காஞ்சிபுரத்து ஆளின் முகத்திலிருந்து படத்தை ஆரம்பிக்கலாம். மறு வருஷம் ஆகஸ்டில் அதே இடத்தில் மறுபடியும் சண்டை நடந்தது. ஊரெல்லாம் எரிந்த அந்தக் காலத்தைத்தான் ஐதர் கலாபம் என்று நம் முன்னோர் சொன்னார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இந்தப் போரை ஓவியமாகத் தீட்டவைத்தார். போனால் பாருங்கள். நடுவில் காயம்பட்ட பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருப்பார். எதிரித் தளபதிக்கு முகம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவரைச் சுற்றிச் செத்துக்கொண்டிருக்கிற சிப்பாய்கள் எல்லாரும் ஒரே அச்சு. பெய்லியின் படை ஏறக்குறைய நாலாயிரம் பேர், அதில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் அல்ல. இந்தச் சீமையில் சம்பளத்துக்குச் சேர்ந்த தமிழனும் தெலுங்கனும் முஸ்லிமும். அவர்களைச் சுட்ட பக்கத்திலும் அதே மாதிரி ஆட்கள். அண்ணன் சிவப்புச் சட்டையிலும் தம்பி ஐதர் படையிலும் இருந்த வீடு ஒன்றாவது இருந்திருக்காதா? அந்த வீட்டிலிருந்து கதை எழுத ஒரு தம்பி போதும். டாங்கி வேண்டாம், ஹெலிகாப்டர் வேண்டாம், பனங்காடும் வயல் வரப்பும் இங்கேயே இருக்கின்றன. கூத்துக்காரர்களையே நடிக்கவைத்தால் வாள் பிடிக்கத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இல்லை.

ஊரில் திரை கட்டி மாதம் ஒரு படம் போடலாமென்று விழாக்குழுவினர் சொன்னார்கள். முதலில் 'அந்த நாள்' போடுங்கள், பாட்டு இல்லையே என்று யாராவது எழுந்து போனால் போகட்டும். இரண்டாவது 'கர்ணன்', அதற்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை. 'கம் அண்ட் சீ' போடுகிற நாளில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஐவோ ஜீமா படத்தில் குகையில் கடிதம் படிக்கிற இடம் வரும்போது படத்தை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, இங்கிலீஷ் தெரிந்த தம்பி ஒருவர் அதைத் தமிழில் உரக்கப் படித்துச் சொல்லவேண்டும். கீழே ஓடுகிற எழுத்து பின்வரிசைப் பாட்டிமாருக்கு எட்டாது.